கை நனைக்காத சம்பந்தி

தைப்பிங்கில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு தியானக் கூடம் இருந்தது. அதை நடத்தியவர் திலகவதி. முன்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவருடைய சீடர்களில் ஒருவரான தெய்வநாயகம், குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் எதிரில் உட்காரும்போது துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான் உட்காருவார்.

அன்று வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, பொய் சொன்னவங்க வீட்டுல எப்படிக் கை நனைக்கிறது?"

"யார் பொய் சொன்னது?"

"என் சம்பந்தியம்மா."

அந்தக் கதை திலகவதிக்கு ஏற்கெனவே தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும். இருந்தாலும் அவர் மறுபடியும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

தெய்வநாயகத்தின் ஒரே மகள் கோமளவல்லி ஈப்போவில் ஒரு சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை வீட்டார் தாத்தா காலத்திலிருந்து வீட்டு முன்கட்டிலேயே மீ கடை வைத்திருக்கிறார்கள். வேறு ஊரில் நூடுல்ஸ் என்பதை அந்த ஊரில் மீ என்பார்கள். கல்யாணத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. மறுநாள் கடைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் சந்தோஷமாகத்தான் போனார்.

மனைவி மங்களம் கண்மூடிய நாளோடு அவர் மாமிசத்தை விட்டவர். உயிரோடு இருந்தபோது அவளுக்கென்று எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர், போன பிறகு விட்டது அது ஒன்றுதான். அதனால் கிண்ணம் வந்ததும், இதில் இறைச்சி இல்லையே என்று சம்பந்தியம்மா சியூ லானிடம் மலாய் மொழியில் கேட்டார். இல்லை என்று சொன்னார் சியூ லான். கிண்ணத்தில் மீயும் கீரையும்தான் தெரிந்தன. சூப்பைச் சொட்டு விடாமல் குடித்து, பேஷ் என்றும் சொன்னார்.

கை கழுவப் பின்பக்கம் போனவர், அடுப்பில் பெரிய தவலையைப் பார்த்தார். அதே சூப்பு. உள்ளே பன்றி எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அங்கேயே சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கடை நிறைய ஆட்கள் இருக்க, சம்பந்தியம்மாவைப் பொய்க்காரி என்று கத்திவிட்டுப் பஸ் ஏறியவர்தான். இறைச்சித் துண்டு போடவில்லை, அதனால்தான் இல்லை என்றேன் என்று சியூ லான் மருமகளிடம் சொல்லியனுப்பியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

வருடங்கள் ஓடி, இப்போது கோமளத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மகள் போனில் பேசியதை அவர் அப்படியே சொன்னார்.

"என் வீட்டுல ஒரு வாய் சாப்பிடாம, பிள்ளையை மட்டும் கொஞ்சிட்டுப் போறதா இருந்தா வராதீங்கப்பா. இப்படிச் சொல்லிட்டாம்மா."

திலகவதி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"பௌர்ணமி அன்னிக்குப் போவோம். நானும் வர்றேன்."

"சாப்பாடு?"

"நீங்களே சமைச்சுக் கட்டிக்குங்க. உங்களுக்குப் பிடிச்சதா."

தெய்வநாயகத்துக்குப் பாதி பாரம் இறங்கியது. மகள் வீட்டில் சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு, விரதத்துக்கும் பங்கமில்லை. இவ்வளவு சுலபமான வழி நமக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். பௌர்ணமியன்று விடியற்காலையில் எழுந்து, மங்களம் வைப்பது போலவே வத்தக்குழம்பு வைத்து, சோற்றோடு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கோமளம் குழந்தையோடு வந்து எதிரில் நின்றாள். கொடுக்கவில்லை, நின்றாள். அவர் தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டினார். இங்கேயே சாப்பிடப் போகிறேன் என்றார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

சியூ லான் வந்து தலையசைத்து வரவேற்றார். பழையதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"குழம்பு ஆறிப்போச்சே" என்றார் திலகவதி. "சூடு பண்ணித் தரச் சொல்லுங்க."

"இங்கயா? எந்தச் சட்டியிலம்மா?"

தெய்வநாயகத்தின் பார்வை எலும்புத் தவலைப் பக்கம் போனதே சியூ லானுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய், உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு வாணலியை இறக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. இதில் மாமிசம் பட்டதே இல்லை, தனியாக வைத்திருக்கிறேன் என்று மலாயில் சொன்னார். பிறகு தூக்குச்சட்டியைக் காட்டிக் கேட்டார்.

"இது சைவம்தானே?"

"சுத்த சைவம்" என்றார் தெய்வநாயகம். "என் கையால சமைச்சது." அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

சியூ லான் குழம்பை வாணலியில் ஊற்றி அடுப்பை மூட்டினார். ஒரு கிளறு கிளறினார். கரண்டியில் முழுப் பூண்டுப் பல் ஒன்று ஏறி வந்தது. அதைப் பார்த்தவர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று தெய்வநாயகம் மகளைக் கேட்டார்.

"அமாவாசை முடிஞ்ச மறுநாளும் பௌர்ணமியன்னிக்கும் அத்தைக்கு விரதம்பா. வெங்காயம், பூண்டு தொடவே மாட்டாங்க. அதெல்லாம் சேர்ந்தா அவங்களுக்கு அது சைவமே இல்ல. அந்தச் சட்டி அவங்க அம்மா குடுத்தது. இன்னை வரைக்கும் பூண்டு பட்டதில்ல."

தெய்வநாயகம் திலகவதி பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொல்லலையே! பூண்டு சைவம்தானம்மா. அவங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னேன்."

குழந்தை கொட்டாவி விட்டது.

தான் சொன்னது தன் காதிலேயே விழ, தெய்வநாயகம் எழுந்தார். சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேரே சமையற்கட்டுக்குள் போனார். எலும்புத் தவலை பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய், குழம்பைத் தூக்குச்சட்டியில் கவிழ்த்துவிட்டு, வாணலியைக் குழாயடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சியூ லான் தடுத்துப் பார்த்தார். அவர் விடவில்லை. பூண்டு வாசனை போகும்வரை தேய்த்தார். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார். சியூ லான் வாங்கி மோந்து பார்த்து, இன்னும் இருக்கிறது என்று கையைக் காட்டினார். மூன்றாவது முறை வெந்நீரை அந்த அம்மாளே ஊற்ற, இவர் தேய்த்தார்.

பிறகு வாணலியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு மலாயில் கேட்டார்.

"நீங்க என்னெல்லாம் சேர்க்க மாட்டீங்க?"

சியூ லான் விரல் விட்டுச் சொன்னார். முடித்துவிட்டு அதே கேள்வியை அவரைக் கேட்டார். எலும்பு வேகவைத்த தண்ணி, மீன் சாறு, பன்றிக் கொழுப்பு, முட்டை என்று அவரும் விரல் மடக்கினார். இந்தக் கேள்வியை வருடக்கணக்கில் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஆகாததெல்லாம் போக, மீ இருந்தது, தவ்ஃபூ என்கிற சோயாப்பால் கட்டி இருந்தது, காளானும் முட்டைக்கோஸும் இஞ்சியும் நல்லெண்ணெயும் இருந்தன. அது போதும் என்றார் சியூ லான்.

வாணலி அடுப்பில் ஏறியது. பச்சைத் தண்ணீரில் காளானையும் இஞ்சியையும் போட்டு ஒரு சூப்பு கொதித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரே மேசையில் மூன்று கிண்ணங்கள் வந்தன. சியூ லானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். தெய்வநாயகம் குச்சியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். பாதிக் கிண்ணம் காலியானபோது கோமளம் குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் அன்னிக்குக் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. பொய் சொன்னவங்களோட எப்படி உட்கார்ந்து சாப்பிடுறது?"

திலகவதி கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அதைச் சம்பந்தியம்மாவைக் கேளுங்க, ஐயா. இப்ப அப்படி உட்கார்ந்து சாப்பிடுறது அவங்கதான்."