கீழவலசையின் தொண்ணூற்று நான்கு

சுகந்தி மறக்காத சத்தம் ஒன்று உண்டு. அப்போது அவளுக்கு ஏழு வயது. விருதுநகரில் தெருக்குழாய்க்கு எதிரில் வீடு. தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் குழாய்க்குள் காற்று சீறும். அதைக் கேட்டதும் தெருவே குடத்தோடு ஓடிவரும். சில நாள் காற்று மட்டும் சீறிவிட்டு ஓய்ந்துவிடும். குடங்கள் அப்படியே வீடு திரும்பும்.

முப்பத்தெட்டு வயதில் அவள் ஒரு பெரிய கம்பெனியில் திட்ட மேலாண்மைப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் பதிக்கிற கம்பெனி. பிள்ளைகளை வளர்க்கப் பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள். பயிற்சி ஒரு வருடம். முடிவில் துணைத்தலைவர் கூட்டம் நடத்துவார். அதில் சிலருக்கு வேலை நிரந்தரமாகும், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மறுபடி வீட்டுக்குப் போக சுகந்தியால் முடியாது.

அவளுக்குக் கற்றுக்கொடுக்க வாய்த்தவள் ரெஹானா. வயது முப்பத்தொன்று. ரெஹானா அவளை அக்கா என்பாள். அவள் ரெஹானாவை மேடம் என்பாள். யார் யாருக்குப் பெரியவர் என்று முதலில் தீர்மானம் போடுங்கள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள்.

சுகந்தியின் வேலை திங்கட்கிழமைகளில். ஒவ்வொரு ஊருக்கும் போன் செய்து, வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று கேட்டு, கணினியில் அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும். ஒரே எண் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் கட்டம் தானாக மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் விளக்கம் எழுத வேண்டும். அதனால் எல்லா ஊரிலும் வேலை வாரத்துக்கு ஒரு சதவீதமாவது வளர்ந்தது.

பயிற்சியின் கடைசி மாதங்களில் கீழவலசை அவள் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஊர்ப் பொறியாளர் பாலசிங்கம் முதல் வாரம் எண்பத்தாறு என்றார். ஒன்பதாம் வாரம் தொண்ணூற்று நான்கு. நூறு எப்போது வரும் என்று சுகந்தி கேட்டதற்கு, கணக்குப்படி இன்னும் ஆறு வாரம், கவலையே வேண்டாம் என்றார். அவர் சிரித்தாரா என்பது போனில் தெரியவில்லை.

அன்று அவள் ரெஹானாவிடம் கேட்டாள். "ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எதை வச்சு மேடம் சொல்றது?"

அடுத்த திங்கட்கிழமை, சுகந்தி போனை எடுத்தபோது ரெஹானா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு போன் வேண்டாம். செருப்பை மாத்திக்கிட்டு வாங்க அக்கா."

கீழவலசை மூன்று மணி நேரப் பயணம். ஊருக்குள் புதுக்குழாய் நின்றது. சிமெண்ட் மேடை, நீல வண்ணம், மேடையில் தேதி. குழாயடியில் இருபது குடங்கள் வரிசையாக இருந்தன. காற்றில் உருண்டு போகாமல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல். முதல் குடத்தின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

எத்தனை நாளாக வரிசை என்று சுகந்தி விசாரித்தாள். முடிந்த மாதிரிதான் என்று சொன்னார்களாம், இடம் போய்விடக் கூடாது என்று மேடை கட்டிய அன்றைக்கே வைத்துவிட்டார்களாம். முதல் குடத்துக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வேலை தொண்ணூத்திநாலு சதவீதம் முடிஞ்சிருச்சும்மா," என்றாள் சுகந்தி.

"தொண்ணூத்திநாலுன்னா எத்தனை குடம் வரும்?"

சுகந்தி குழாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

பாலசிங்கம் ஓடிவந்தார். நெடுஞ்சாலைக்கு அடியில் பன்னிரண்டு மீட்டர் குழாய் போக வேண்டும் என்றார். சாலையைத் தோண்ட அனுமதி கேட்கும் கடிதம் தயாராகி ஒன்பது வாரம் ஆகிறது. கையெழுத்துக்காகத் துணைத்தலைவர் மேஜையில் கிடக்கிறது. அதுவரை இங்கே ஒரு வேலையும் இல்லை. ஆட்களை வேறு ஊருக்கு அனுப்பியாயிற்று.

ஒன்பது வாரமாக என்னிடம் சொல்லவில்லையே என்றாள் சுகந்தி. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"எத்தனைன்னு கேட்டீங்க, சொன்னேன். என்ன பாக்கின்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

திரும்பும் வழியில் ரெஹானா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள். மேல்மருவத்தூர் தாண்டியபின் சுகந்தி கேட்டாள். வெள்ளிக்கிழமைதான் அந்த வருட முடிவுக் கூட்டம். கடிதம் யார் மேஜையில் இருக்கிறதோ அவரே தலைமை. கட்டத்தில் என்ன போடுவது?

"அது உங்க கட்டம் அக்கா," என்றாள் ரெஹானா, கண்ணைத் திறக்காமல்.

வெள்ளிக்கிழமை திரையில் கீழவலசை வரிசை வந்தது. ஒன்பது வாரமாக ஏறிய கோடு பத்தாம் வாரம் நேரே தரைக்கு இறங்கியிருந்தது. கட்டத்தில் பூஜ்யம். பின் வரிசையில் யாரோ, அக்கா ஊரையே அழிச்சிட்டாங்க என்றதும் அறை சிரித்தது. துணைத்தலைவரும் சிரித்தார். தட்டச்சுப் பிழையா என்று கேட்டார்.

"இல்ல சார். தண்ணி வரல."

"அப்ப தொண்ணூத்திநாலு?"

"அதை நான்தான் போட்டேன். தப்பு."

"எங்கே நிக்குது வேலை?"

சுகந்தி ரெஹானாவைப் பார்த்தாள். ரெஹானா தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கடிதத்துல, சார். உங்க மேஜையில இருக்கு."

அதன்பின் அறையில் சிரிப்பில்லை. துணைத்தலைவர் திரையில் அடுத்த ஊரின் வரிசைக்குப் போகச் சொன்னார். அன்று மாலை கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. அடுத்த வாரம் நிரந்தரமானவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். சுகந்தி அதை இரண்டு முறை படித்தாள்.

மாதக் கடைசியில் அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பாலசிங்கம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு மீட்டரும் போட்டாயிற்று, குழாயில் காற்று வருகிறது என்றார்.

"தண்ணி?"

"அதைச் சாயங்காலம் சொல்றேன் மேடம். வராம சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் சொன்னார்.

சுகந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரெஹானாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள். ஒரு வருடமாகக் கேட்ட கேள்விகளில் அது கடைசி.

"அன்னிக்கு கூட்டத்துல எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே மேடம். நீங்க சொன்னா அவர் கேட்டிருப்பார்."

"கேட்டிருப்பார்," என்றாள் ரெஹானா. "ஆனா அது என் பூஜ்யமாப் போயிருக்கும், அக்கா."

சுகந்தி பையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

இப்போது அவள் கரூரில் ஒரு சிறிய குழாய்க் கம்பெனியில் இருக்கிறாள். திங்கட்கிழமைகளில் போன் செய்தால் அவள் மேஜையில் கிடைப்பதில்லை.