தீர்த்தத்தைக் கொட்டிய அம்மையார்

மேலக்கரைக் கண் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவந்தவர் வடிவாம்பாள் அம்மையார். அறுவையின்போது கண்ணுக்குள் விட்டுக் கழுவும் நீர் பாட்டிலில் வரும். அதை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. மூடி பிரிந்திருக்கிறதா, தூசி மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வாய் "கண்ணாத்தா" என்று முணுமுணுக்கும். ஒருவருக்குத் திறந்ததில் மிச்சமிருந்தால் அடுத்தவருக்குத் தராமல் கொட்டிவிடுவார். மாலையில் கண்ணாத்தாள் கோயிலுக்கு அபிஷேகக் குடம் சுமப்பார். கணவரில்லை, பிள்ளையில்லை, அந்தக் குடம்தான் அவருக்கு எல்லாம்.

அக்கோயில் பூசாரி முனிரத்தினத்துக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவைக்கு வந்தவர், மருந்துக்கடையில் வாங்கிய கழுவும் நீர் பாட்டிலை அம்மையார் கையில் கொடுத்தார். மூடித் தகடு பிய்ந்திருந்தது.

"சாமி, இத யாரு தொறந்தது?"

"சத்தம் போடாத வடிவு. ஆத்தா தீர்த்தம் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன். நீ பாட்டுக்கு உள்ள குடுத்துடு."

"கண்ணு சீழ் வச்சிடும் சாமி. பார்வையே போயிடும்."

"ஆத்தா தீர்த்தத்துலயா? நீயெல்லாம் ஒரு பக்தையா?"

"கருவறைக்குள்ள என்னைய விடுவீங்களா? மாட்டீங்க. கண்ணும் அப்படித்தான் சாமி."

சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிப் புதியது வாங்கினார். அறுவை நடந்தது.

பூசாரி வீடு போகும் முன்பே பேச்சு ஊருக்குள் போய்விட்டது. கோயிலில் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஆத்தாளையே சாக்கடையில ஊத்துனவ வர்றா, வழி விடுங்கடி!"

"இனிமே வாசலோட நில்லு" என்றார் கண்ணில் கட்டோடு வந்திருந்த பூசாரி.

"சரி சாமி. வாசலும் அவளுதுதானே" என்றார் அம்மையார். அன்று முதல் வெறுங்கையோடு வந்து, வாசலில் நின்று கும்பிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பதும் நிற்கவில்லை, கண்ணாத்தாளைக் கூப்பிடுவதும் நிற்கவில்லை.

பூசாரிக்குக் கண் ஆறியது. மறுபடி பூசைக்கு வந்தவர் தீர்த்தச் செம்பைக் கையிலெடுத்தார். அதை அவர் பிறரைத் தொடவிட்டதில்லை. உள்ளே பார்த்தார். பச்சைக் களிம்பு. ஊறிப்போன வேப்பிலைத் துணுக்கு. செத்த எறும்பு ஒன்று.

"இதையா என் கண்ணுக்குள்ள விடச் சொன்னேன்?"

ஒரு வெள்ளைப் பூவை அம்மன் தோளில் வைத்தார். "வடிவு செஞ்சது சரின்னா வலப்பக்கம் குடு தாயே."

கேட்டு வாய் மூடவில்லை, பூ வலப்பக்கம் விழுந்தது.

பூசாரி வாசலுக்கு ஓடிவந்தார். "வடிவு, ஆத்தா உன்னையக் கூப்புடுறா. குடத்த எடுத்துக்கிட்டு வாம்மா."

"செம்பையும் குடுங்க சாமி" என்றார் அம்மையார். "வெளக்கிக் கொண்டாறேன்."

பிறர் கண்ணையெல்லாம் கண்ணாத்தாளின் கருவறையாகக் காத்த வடிவாம்பாள் அம்மையார் திருவடி வாழ்க.