கடம்பன் கேட்ட கேள்வி

நாகப்பட்டினத்தில் நப்பின்னை என்றொரு ஆசிரியை இருந்தாள். அவளிடம் பாடம் கேட்டவர்களில் மூத்தவர் சாத்தனார். ஆசிரியையைவிடப் பத்து வயது பெரியவர், தலை பாதி நரைத்தவர். கடாரம், சாவகம், சீனம் என்று அவருக்குத் தெரியாத துறைமுகம் இல்லை. ஆனால் ஒரு முறைகூடக் கப்பலில் கால் வைத்ததில்லை.

அந்த ஆண்டு துறைமுகத் தலைவன் பறையறைவித்தான். ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்கும் வினாப் போரில் வெல்பவர் கீழ்க்கடலுக்குப் போகும் மரக்கலத்தில் அறிஞராக ஏறலாம் என்றான். அன்று முதல் சாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை.

"போய் வரட்டுமா, அம்மையே?" என்று கேட்டார்.

"போய் வாருங்கள். வந்து எனக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்."

போர் நாளன்று பொழுது சாயும் வேளையில், சாத்தனார் கழுத்தில் மாலையோடு ஓடிவந்தார். இந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நப்பின்னை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வென்றுவிட்டீர்கள்."

"வென்றேன், அம்மையே. நாளை மறுநாள் கப்பல்."

"மூச்சு வாங்குகிறதே. உட்கார்ந்து சொல்லுங்கள். யார் எதிரில்?"

"கடைசியில் மிஞ்சியவன் கடம்பன் என்றொருவன். கொல்லிமலைக்காரன். கடலையே இப்போதுதான் பார்க்கிறானாம். ஆனால் லேசுப்பட்டவன் இல்லை. மழை வேண்டிப் பாடும் பண் எது என்றான். மேகராகக்குறிஞ்சி என்றேன். கடல் கொண்ட சோழர் பட்டினம் எது என்றான். புகார் என்றேன். யவனர் கலங்கள் எந்தக் காற்றில் வந்து எந்தக் காற்றில் திரும்பின என்றான். அவன் வாயை மூடுமுன் சொல்லிவிட்டேன். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது."

நப்பின்னையின் கண்கள் விரிந்தன. "நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

"நான் கேட்டதெல்லாம் அவனும் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியாகக் கேட்டேன். தாய் முகம் பாராமல் பிறந்து, கடலெல்லாம் சுற்றி, முட்டையிடத் தான் பிறந்த கரைக்கே திரும்பி வருவது எது என்று."

"கடலாமை."

"ஆம். மலைக்காரனுக்கு எப்படித் தெரியும்? விழித்தான். தெரியாது என்று ஒப்புக்கொண்டான். மாலை என் கழுத்தில் விழுந்தது."

சொல்லிவிட்டுச் சாத்தனார் மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கடாரத்துத் துறை அவர் கண்முன் நின்றது.

"பிறகு கடம்பன் என்ன செய்தான்?" என்றாள் நப்பின்னை.

"அவனா?" சாத்தனார் சிரித்தார். "அவனுக்குத் தோற்றது மறந்தே போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விடை சொல்லுங்கள் என்றான். சொன்னேன். வழிகாட்டத் தாய் இல்லையே, எப்படித் திரும்பி வருகிறது என்றான். மணல் வாசனையா, விண்மீனா, நீரின் சுவையா என்றான். குஞ்சு கடலுக்கு ஓடும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கரையை மனத்தில் வாங்கிக்கொள்கிறதா என்றான். என்னைப் பாராட்ட வந்தவர்களெல்லாம் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவன் நகர மாட்டேன் என்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்ன சொல்வது? ஆமை என்பதுதான் விடை, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். கையை விடுவித்துக்கொண்டு வந்தேன்."

நப்பின்னை எழுந்தாள். கீரையைக் கொல்லைப்புறம் இருந்த பணிப்பெண்ணிடம் கொடுத்தாள். கைகழுவி, மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் நடையில் அப்படியொரு அவசரத்தைச் சாத்தனார் கண்டதில்லை.

"கோயிலுக்கா, அம்மையே? நானும் வருகிறேன். மாலையைச் சாமிக்குச் சாத்திவிடலாம்."

"கோயிலுக்கு இல்லை. கடம்பன் எங்கே தங்கியிருக்கிறான்?"

"கடற்கரைச் சத்திரத்தில். விடிந்தால் மலைக்குக் கிளம்பிவிடுவான்." அவர் முகம் சுருங்கியது. "தோற்றவனிடம் உங்களுக்கு என்ன வேலை?"

"அவன் கேட்டது எனக்கும் தெரியவில்லை."

"நான் வென்று வந்திருக்கிறேன். என்னோடு சிறிது நேரம் இருக்கக் கூடாதா?"

நப்பின்னை படியில் இறங்கியவள், திரும்பி அவரை அன்போடு பார்த்தாள்.

"உங்கள் விடை எங்கும் போய்விடாது, சாத்தனாரே. அவன் கேள்வி விடிந்தால் மலையேறிவிடும்."