டீலக்ஸ் வீட்டுக் கார்

"சாதாவையும் டீலக்ஸையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றதுங்க?" என்று நல்லசாமி கேட்டார்.

அவருக்கு வயது அறுபது. பதில் சொல்லவேண்டிய ஷம்ஷாத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோவையில் பழைய கார் கண்காட்சி நடந்தால், எந்த வண்டி அசல் என்று சொல்பவள் அவள்தான். நல்லசாமி அவளிடம் பாடம் கேட்டு வந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கண்ணா."

"மயூரா வண்டியில டீலக்ஸுன்னா கதவுல வெள்ளிப் பட்டை இருக்கும். உள்ளே கடிகாரம் இருக்கும்."

"ரெண்டும் கடையில கிடைக்கும்."

"பட்டை இல்லாத டீலக்ஸும் பார்த்திருக்கேனுங்க."

"களவு போயிடும்னு கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பாங்க."

"அப்ப எதைத்தான் நம்பறது, டீச்சரம்மா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

"இதுக்கா தூக்கம் போச்சு?"

அவர் பட்டறை வாசலைக் காட்டினார். அங்கே அவருடைய அப்பாவின் மயூரா நின்றது. கதவுகளில் வெள்ளிப் பட்டை மின்னியது. ஞாயிற்றுக்கிழமை அது கண்காட்சிக்குப் போகவேண்டும். சாதாவுக்கு ஒரு வரிசை. டீலக்ஸுக்கு ஒரு வரிசை.

"டீலக்ஸ் வாங்கியிருக்கேன்னு எங்கப்பா சொன்னதுல இருந்து ஊரே எங்களை டீலக்ஸ் வீடுன்னுதான் சொல்லும். எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலகூட அப்படித்தான் போட்டோம்."

ஷம்ஷாத் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

"பட்டையைக் கழட்டுங்க."

கழற்றினார். அது இருந்த இடத்தில் வரிசையாகத் துளைகள்.

"நகத்தால தடவிப் பாருங்க."

"பிசிறா இருக்குது. துருவும் வருது."

"பெயிண்ட்?"

"துளைக்குள்ள பெயிண்ட் இல்லீங்க."

"கம்பெனியில துளை போட்ட பிறகுதான் பெயிண்ட் அடிப்பாங்க."

நல்லசாமி மறுபடி தடவினார். அடுத்த துளையைத் தடவினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எங்கப்பா பொய் சொல்லிட்டாருங்களா?"

"வண்டி சாதா. துளை அவ்வளவுதான் சொல்லும்."

"சரி, பட்டையை எடுத்துட்டு சாதா வரிசையில நிறுத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"பட்டையை எடுத்தா துளை போயிடுமாண்ணா?"



ஷம்ஷாத் பட்டையைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மயூரா சாதா வரிசையில் நின்றது. பட்டை பின்சீட்டில் கிடந்தது. நல்லசாமி வண்டியை ஒட்டி நின்றார்.

ஊர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன டீலக்ஸு, கதவெல்லாம் ஓட்டையா இருக்குது?"

"எங்கப்பா போட்டதுங்க" என்றார் நல்லசாமி.