மூன்றாம் எண் பெட்டி

குருவைத் தேடிப் போகிறவன் கையில் விறகுக்கட்டோடு போக வேண்டும் என்பது பழைய விதி. பேராசிரியர் வைத்தமாநிதி கையில் நோட்டுப் புத்தகத்தோடு போனார். சீடருக்கு வயது அறுபத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்பது.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே, ஒரு சுடுதளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் துப்பாக்கி பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்டுக் காலியான பித்தளை உறையில் புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வித்தையை, கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

"ஆசானே! நாளைக்குக் காலையில தேர்வு!" என்று வைத்தமாநிதி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"ஆசானேன்னு கூப்பிடாதீங்க சார். கம்பு சுத்தறவன் மாதிரி இருக்கு."

"மாநில மூத்தோர் கைத்துப்பாக்கி அணிக்கு நாலு பேர். நான் அஞ்சாவது. மூணு வருஷமா அஞ்சாவது!"

"தெரியும். போன வருஷமும் இதே கதவைத்தான் உடைச்சீங்க."

அவர் நோட்டைத் திறந்தார். நான்கு வகை மருந்து, மூன்று எடைகளில் குண்டு, ஆகப் பன்னிரண்டு சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். குண்டின் எடையைச் சொல்லும் கிரெய்ன் என்ற அளவு நம் ஆசாரிகளின் குன்றிமணியில் பாதிக்குச் சற்று மேல் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

"எட்டு மாசமாத் தேடறேன். எந்த மருந்து, எந்தக் குண்டு? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

செண்பகவல்லி உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து ஐந்து அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தது.

"ஒவ்வொண்ணுலயும் ஆறு இருக்கு. அஞ்சு சுடுங்க, ஒண்ணைத் திருப்பிக் கொண்டாங்க. இருபத்தஞ்சு கஜம். பெட்டிக்கு ஒரு இலக்குத்தாள். எது நல்லதுன்னு வந்து சொல்லுங்க."

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். வந்தார் என்பதைவிட, பாய்ந்தார் என்பது சரி. காதுக்கவசம் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"மூணு! மூணாம் நம்பர்! பாருங்க இதை!"

ஐந்து ஓட்டைகளும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கியிருந்தன.

"நல்லா இருக்கே," என்றாள்.

"நல்லா இருக்காவா? என் வாழ்க்கையில இப்படிச் சுட்டதே இல்லை! இங்க பாருங்க, இது முதல் பெட்டி. தேங்காய் மூடி வெச்சாத்தான் மறையும். அஞ்சாவது அதைவிட மோசம்."

"ஏன் சார் அப்படி?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். "மூணாவது பெட்டி கனமான குண்டு. மெதுவா எரியற மருந்து. உதை வர்றது தள்ளற மாதிரி இருக்கு, அடிக்கற மாதிரி இல்லை. அஞ்சாவது லேசான குண்டு, சுறுசுறுப்பான மருந்து. சத்தமே கூர்மை. வாடைகூட வேற."

"வாடை?"

"கொஞ்சம் கற்பூரம் மாதிரி."

செண்பகவல்லி தலையாட்டினாள். மிச்சமிருந்த ஐந்து தோட்டாக்களையும் வாங்கி வரிசையாக வைத்தாள். சுத்தியல் போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவிக்குள் முதல் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினாள். குண்டு கழன்றது. மருந்தும் கொட்டியது. இரண்டையும் தனித்தனியே தராசில் வைத்தாள்.

"எழுதிக்கோங்க சார்."

குண்டு நூற்றிருபத்து நாலு கிரெய்ன். அவர் எழுதினார். மருந்தின் எடையையும் எழுதினார்.

இரண்டாவது. நூற்றிருபத்து நாலு. மருந்து, மேலே உள்ளபடி.

மூன்றாவதை அவளைத் தட்டவிடாமல் தானே வாங்கித் தட்டினார். நூற்றிருபத்து நாலு. மருந்தும் அதேதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தராசு மனம் மாறவில்லை.

நான்காவதைத் தட்டும்போது கையில் வேகம் இல்லை. ஐந்தாவதைக் கொட்டி முகர்ந்து பார்த்தார். கற்பூரம் இல்லை.

"வேற வேறன்னு சொன்னீங்களே!"

"நான் எங்க சொன்னேன்? அஞ்சு பெட்டின்னேன்."

"எல்லாம் ஒண்ணா?"

"ஒரே மருந்து, ஒரே குண்டு. இப்ப உள்ளே போய் ஒரே மூச்சுல செஞ்சது."

வைத்தமாநிதி முக்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவர் முகத்துக்கே பிடிபடவில்லை.

"அம்மா, நான் முப்பத்திரண்டு வருஷம் நிகழ்தகவு பாடம் எடுத்தவன். காசைப் பத்துத் தடவை சுண்டிட்டு ஒரு முடிவுக்கு வராதேன்னு எத்தனை பசங்களைத் திட்டியிருக்கேன்!"

"அதனாலதான் அஞ்சு பெட்டி. மத்தவங்களுக்கு ரெண்டே போதும்."

அவர் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் அந்த மூன்றாம் தாளை எடுத்து, விடமனமில்லாமல் பார்த்தார்.

"அப்ப இது எப்படி இவ்வளவு நெருங்கி விழுந்தது?"

"விழுந்துச்சு சார்."

அவள் ஒரு புது இலக்குத்தாளை மேசையில் விரித்தாள். அதன்மேல் அவர் சுட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஓட்டைகள் வழியே பேனாவால் புள்ளி வைத்தாள். இருபத்தைந்து புள்ளிகள். நடுவில் நெருங்கியும் ஓரத்தில் கலைந்தும் கிடந்தன. மூன்றாம் பெட்டியின் புள்ளிகள் எவை என்று அவர் தேடினார். தெரியவில்லை.

வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதுதான் நானா?" என்றார்.

"இன்னைக்கு."

வெளியே யாரோ சுடும் சத்தம் கேட்டது. வைத்தமாநிதி எழுந்து புள்ளிகளின் அருகே குனிந்தார். ஓரத்தில் கலைந்தவற்றில் முக்கால்வாசி இடப்பக்கம் கீழே கிடந்தன, விசையை வெடுக்கென்று இழுக்கிற வலக்கைக்காரனின் குண்டு போகிற இடத்தில். அவர் ஆள்காட்டி விரல், தானாகவே, காற்றில் ஒரு விசையை மெதுவாக இழுத்துப் பார்த்தது. மறுபடி இழுத்தது. அவர் கண்கள் மின்னின.

"ஆசானே, தளம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"ஆறு."

"நாலு மணி நேரம் இருக்கே!"

அவள் அதே தோட்டாக்கள் நிறைந்த ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினாள். இன்றைக்கும் நாளைக்கும் போதுமானவை. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினார். அங்கே நின்றார். பழைய சபலம் ஒன்று அவரைத் திருப்பியது. ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இது என்னை அந்த நாலு பேர்ல ஒருத்தனாக்கிடுமா?"

செண்பகவல்லி தராசில் ஒட்டியிருந்த மருந்துத் துகளை ஊதிவிட்டாள்.

"இருபத்தஞ்சு கஜம் நேராப் போகும் சார். அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது."