ஆளுக்கொரு பக்கம்

ஒரு ஊரில் இரண்டு செருப்புகள் இருந்தன. ஒரு நாள் அவை பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. அவற்றை மாட்டிக்கொண்டு செல்லக்கனியும் கிளம்பினாள்.

செல்லக்கனி தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவள். கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. காலையில் கோயில், மதியம் பழைய அரண்மனை, சாயங்காலம் பஸ். "அரண்மனையைப் பார்க்காம ஊர் திரும்ப மாட்டேன்" என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சித்திரை மாச வெயில். அரண்மனைக்கு இரண்டு மைல் தார் ரோடு. செருப்பு போனால் எல்லாம் போச்சு, புதுசு வாங்க வழியில்லை.

ஆனால் அவள் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. பஸ் காசை இடுப்புச் சுருக்குப்பையிலும் கைச்செலவுக்கு உள்ளதைக் கைப்பையிலும் வைத்திருந்தாள். கோயில் வாசலில், செருப்பு வைக்கும் இடத்தில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வலது செருப்பை விளக்குக் கம்பத்தடியில் விட்டாள். இடதைப் பத்தடி தள்ளி இளநீர் வண்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

இடதுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா! நம்மளப் பிரிச்சுட்டாளே! பிறந்ததுலேருந்து ஒண்ணாத்தானே இருக்கோம்!"

எப்போதும் முதல் அடி வைப்பதால் வலதுதான் அக்கா. "சும்மா இரு. அவ காரணமில்லாம எதையும் செய்ய மாட்டா" என்றது.

கம்பத்தடியில் ஒரு ஜோடி பளபளப்பு ஷூ நின்றது. "எங்களைப் பாரு. எப்படி ஒட்டி நிக்கிறோம்! பாசம்னா இது" என்று பீற்றிக்கொண்டது. இடதுக்கு வயிறு எரிந்தது.

அப்போது சாக்கோடு ஒருத்தன் வந்தான். அந்த ஷூ இரண்டையும் ஒரே பிடியாகத் தூக்கிச் சாக்கில் போட்டான். பாசம் பேசிய ஜோடி ஒட்டியபடியே உள்ளே போனது. அடுத்து வலதைத் தூக்கினான். இதன் ஜோடி எங்கே என்று குனிந்து தேடினான்.

இடது பதறிவிட்டது. கொஞ்சம் சரிந்தால் போதும், அவன் கண்ணில் பட்டுவிடும். அக்கா போகிற இடத்துக்கே தானும் போய்விடலாம்.

"அசையாதடி!" அவன் கையில் தொங்கிக்கொண்டே வலது கத்தியது. "நீயும் வந்தா ரெண்டு பேரும் சாக்குக்குள்ளதான். செல்லக்கனி வெறுங்காலோட நிப்பா!"

இடது பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் வண்டி வரைக்கும் வந்தான், எட்டிப் பார்த்தான். இடது அசையவே இல்லை.

"ஒத்தைச் செருப்பு எவனுக்கு வேணும்? த்தூ!" என்று வலதைக் கம்பத்தடியிலேயே வீசிவிட்டுப் போனான்.

செல்லக்கனி வந்தாள். ஒன்றை அங்கே மாட்டினாள், இன்னொன்றை இங்கே மாட்டினாள், நடையைக் கட்டினாள். பின்னால் ஷூக்காரர் சுடுகல்லில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார். பாவம்.

அரண்மனை வந்தது. 'காலணிகளைக் கழற்றவும்' என்று வாசலில் பலகை.

செல்லக்கனி குனிவதற்குள் இடது முந்திக்கொண்டது.

"அக்கா, இந்தத் தடவை நான் வெளியில நிக்கிறேன். நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி போ. என்னை எவன் தூக்கினாலும் நீ அசையக் கூடாது."