மதகைத் திறந்தவனும் பட்டுத் துண்டு பெற்றவனும்

ஏரிகளுக்கெல்லாம் அரசர்கள் தம் பெயரைச் சூட்டிய காலத்தில், ஒரு நாள் காலை பேரேரிக் கரையில் கூடியவர்கள் இவர்கள்: அமைச்சர் ஒருவர், பள்ளி ஆசான் ஒருவர், அவரிடம் படித்து வளர்ந்த இளைஞர் மூவர், காவல் வீரர் இருவர். ஆக ஏழு பேர். வேடிக்கை பார்த்த கொக்குகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய மதகுக்காரர் இறந்துவிட்டார். நீரில் மூழ்கி மதகின் அடைப்புக் கல்லைத் திறக்கவும் மூடவும் புதிய ஆள் வேண்டும். இளைஞர்களில் தத்தனும் கொற்றனும் பதவிக்காக வந்தார்கள். அந்துவன் வந்தது வயலுக்காக. அவன் வயல் கடைமடையில் இருந்தது. மதகுக்காரன் நேர்மை தவறினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அவன் வீட்டில் அடுப்பும் எரியாது.

மூவருக்கும் சிறு வயதில் ஆசான் சொல்லித்தந்த பாடங்கள் மூன்று. பொய் சொல்லாதே. உன்னை நீயே புகழாதே. பிறரைத் தள்ளி முந்தாதே. மற்ற இருவரும் மனப்பாடம் செய்தார்கள். அந்துவன் நம்பித் தொலைத்தான்.

எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய் என்று அமைச்சர் கேட்டார். ஒரு பானைச் சோறு வேகும்வரை என்றான் தத்தன். சோறு வெந்து குழம்பும் கொதிக்கும்வரை என்றான் கொற்றன். அந்துவன் யோசித்து, "நூறு எண்ணும்வரை, ஐயா. தண்ணீர் குளிர்ந்திருந்தால் எண்பது" என்றான். அமைச்சர் முகம் சுளித்தார்.

உங்களில் சிறந்தவன் யார் என்று அடுத்துக் கேட்டார். நான் என்றான் தத்தன். நானும் என் முன்னோரும் என்றான் கொற்றன். அந்துவன் தலை குனிந்துகொண்டான்.

மூன்றாவதாக, கல்லைத் திறந்துவிட்டு வரச் சொன்னார். படியோ ஓராள் இறங்கும் படி. அந்துவன் ஒதுங்கி வழிவிட்டான். மற்ற இருவரும் இடித்துக்கொண்டு இறங்கி, இடுப்பளவு நீரில் மல்லுக்கட்டினார்கள். அந்துவன் அவர்களைச் சுற்றிப் போய், மூழ்கிக் கல்லைத் திறந்தான். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. அவன் மேலே வருவதற்குள் தத்தன் தலையை நனைத்துக்கொண்டு, திறந்துவிட்டேன் என்று கத்தினான். அமைச்சர் அங்கேயே அவனை மதகுக்காரனாக்கிப் பட்டுத் துண்டு போர்த்தினார்.

மூச்சு வாங்கியபடி அந்துவன் ஆசானிடம் வந்தான். "ஐயா, நீங்கள் பார்த்தீர்களே."

"பார்த்தேனப்பா" என்றார் ஆசான். அவர் நிலம் தலைமடையில் இருந்தது. முதல் தண்ணீர் உங்களுக்குத்தான் என்று தத்தன் முன்பே சொல்லியிருந்தான். "நான் சொன்னது சின்னப் பிள்ளைகளுக்கு. மீசை முளைத்த பிறகும் நீ அதை மறக்காவிட்டால் நான் என்ன செய்வேன்?"

வயல்கள் நிறைந்தன. கல்லை மூடவேண்டிய நாள் வந்தது. தத்தன் மூழ்கினான், பத்து எண்ணுவதற்குள் மேலே வந்தான். மறுபடி மூழ்கினான், மறுபடி வந்தான். மதகு திறந்திருப்பதுதான் ஊருக்குச் செழிப்பு என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனான். மதகுக்காரன் தவிர வேறு யார் கல்லைத் தொட்டாலும் சிறை என்பது சட்டம். அந்துவன் அமைச்சரிடம் அனுமதி கேட்டான். தத்தனைக் கேள் என்றார். தத்தனைக் கேட்டான். உனக்குப் பொறாமை என்றான் அவன்.

தலைமடைப் பயிர் நீரில் நின்று அழுகியது. ஏரி வடிந்தபின் கடைமடைப் பயிர் கருகியது. ஆசான் அந்துவன் வீட்டுக்கு ஓடி வந்தார். யாருக்கும் தெரியாமல் நீயாவது மூடியிருக்கக் கூடாதா என்று அழுதார்.

"யாருக்கும் தெரியாமல் செய்ய நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லையே, ஐயா" என்றான் அந்துவன்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் நீதியைப் பெரியவர்கள் கைவிட்டால், அதை நம்பியவனோடு சேர்ந்து ஊரும் கெடும்.

ஏரியில் மீந்த தண்ணீர், பதினொரு குடம்.